அட்டையில் அத்தையின் பெயர்

"மேற்படி குடும்ப அட்டையில் வரிசை எண் 3-இல் கண்ட பெயர் திருமணம் காரணமாக இன்று நீக்கம் செய்யப்பட்டது. வேறு குடும்ப அட்டையில் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை." தேதி 16.10.87. கீழே கையெழுத்து இருந்ததைக் காட்ட ஒரு சுழி. பக்கத்தில் முத்திரை இருந்ததைக் காட்ட ஒரு வட்டம்.

இது அசல் இல்லை. அசல் போகவேண்டிய ஆபீசுக்குப் போய்விட்டது. இது என் அப்பா எடைச்சீட்டின் பின்பக்கத்தில் பார்த்து எழுதிவைத்துக்கொண்ட நகல். எங்களுக்குப் பாளையம்பட்டியில் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, மாட்டுக்கயிறு விற்கிற கடை. அப்பாவின் பழைய பெட்டியை ஒழித்தபோது இந்தத் தாள் கிடைத்தது. நாளைச் சரிபார்த்தேன். அது பிரபவ வருடம், புரட்டாசியின் கடைசி வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு முந்தைய வாரம். எனக்கு ஒன்பது வயது.

நம் வயதுக்காரர்களுக்கு ரேசன் கார்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் ஒரு வார்த்தை. இன்றைக்குச் சட்டைப்பையில் இருக்கிற சின்ன அட்டை இல்லை அது. கெட்டிக் காகிதத்தில், நோட்டு போல மடித்துத் தைத்தது; எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் மண்ணெண்ணெய் வாடை வரும். முதல் பக்கத்தில் குடும்பத்தார் பெயர்கள் வரிசையாக இருக்கும். ரேசன் சீனிக்கு மட்டும் என்றால் அது பெரிய விஷயமில்லை. பாங்கில் லோன் கேட்டாலும், பட்டாவில் பெயர் மாற்றப் போனாலும், "கார்டு எங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அட்டையில் பெயர் இருக்கிறவர்தான் அந்த வீட்டு ஆள். ஒரே ஆள் இரண்டு அட்டையில் இருக்கக்கூடாது. ஆகவே கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயரைப் பிறந்தவீட்டு அட்டையில் எடுத்து, எடுத்ததற்கான சீட்டைக் கொண்டுபோய்ப் புகுந்தவீட்டு அட்டையில் சேர்க்கவேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். பெரும்பாலான வீடுகளில் கல்யாணமாகி நாலைந்து வருடம்வரை யாரும் இதைச் செய்யமாட்டார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

எங்கள் அட்டையில் ஐந்து பெயர். முதலில் அப்பா. இரண்டாவது அப்பாவின் அம்மா. மூன்றாவது அத்தை, அதாவது அப்பாவின் தங்கை. நான்கு என் அம்மா, ஐந்து நான். அப்பாவின் அம்மா முந்தைய வருடம் இறந்துபோனதால் இரண்டாவது பெயரில் குறுக்காக ஒரு கோடு இருந்தது. சிவப்பு மையில். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தையை வைகாசியில் கட்டிக்கொடுத்தோம். எம்.ரெட்டியபட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வண்டிப்பாதையில் அரைமணி நேரம் நடந்தால் வருகிற ஊர். கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும் போடுகிற சம்சாரி வீடு. மாமா அதிகம் பேசாதவர். அவருடைய அம்மா அவருக்கும் சேர்த்துப் பேசுவார் என்று எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். ஆடி பிறக்குமுன் அத்தையை அழைத்துவரப் போன அன்று, புறப்படுகிற நேரத்தில் அந்த அம்மாள் என் அப்பாவிடம் சொன்னார்.

"தம்பி, ஆடி கழிஞ்சு அனுப்புறப்ப, கார்டுல பேரை எடுத்த சீட்டையும் சேத்துக் குடுத்து விடுங்க. பேரு வரட்டும், அப்புறம் ஆளு வரட்டும்."

அப்பா சரி என்றார். பஸ்ஸில் வரும்போது அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னாள். "புருசன் வீட்டுச் சீனி ஒரு ஆளுக்குக் கொறையுதாம். அந்தம்மாவுக்குப் பொறுக்கல." தலைக்கு இத்தனை என்று சீனி அளக்கிற காலம் என்பதால், அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் உண்மையாகிவிட்டது.

அந்த ஆடி எனக்கு நல்ல ஆடி. கல்யாணத்துக்கு முன் அத்தைக்கு வீட்டு வேலை ஓயாது. இப்போது விருந்தாளி. மத்தியானத்தில் பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சித் தருவாள். அது அடுப்பில் கொதிக்கிறபோது கடை வாடையும் வீட்டு வாடையும் ஒன்றாகிவிடும். எனக்குத் தலை சீவி, ரிப்பனை நாலு மடிப்பாகக் கட்டுவாள். பள்ளிக்கூடத்தில் வேறு எந்தப் பெண்ணுக்கும் அப்படிக் கட்ட வராது. அவள் திரும்பிப் போகவேண்டாம் என்று மாரியம்மன் கோவிலில் வேண்டிக்கொண்டேன். இதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

ஆடி முடிந்து ஆவணி பிறந்தது. மாமா புதுவேட்டி கட்டிக்கொண்டு அழைத்துப்போக வந்தார். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே, "மச்சான், அந்தச் சீட்டு..." என்று இழுத்தார். ஆபீசர் லீவு என்றார் அப்பா. இன்னும் எட்டு நாளில் வாங்கி, தானே தங்கையைக் கொண்டுவந்து விடுவதாகவும் சொன்னார். மாமா அத்தை இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினார். எட்டு நாள் கழித்துக் கேட்டால், மனுவில் ஒட்டுகிற ஸ்டாம்பு கிடைக்கவில்லை. அதற்கடுத்த வாரம் அஷ்டமி. அதற்கடுத்து லோடு வருகிற நாள். இப்படியே ஆவணி போய்விட்டது.

இன்னொன்றையும் அம்மா கவனித்திருந்தாள். அதுவரை ரேசன் கடைப் பக்கமே தலைவைக்காத அப்பா, அந்த மாதங்களில் தானே போய்ச் சீனியும் மண்ணெண்ணெயும் வாங்கிவந்தார். அட்டையைக் கடை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். யாரும் தொடக்கூடாது. தங்கையின் பங்குச் சீனியை விட மனசில்லை என்று அம்மா முடிவு கட்டினாள். அந்தப் பக்கம் மாமாவின் அம்மாவும் அதையே முடிவு கட்டியிருப்பார் என்று எல்லோரும் நினைத்தோம். பெண்ணைத் திரும்ப அனுப்ப எண்ணமில்லாதவர்கள்தான் பெயரை எடுக்கமாட்டார்கள் என்று அவர் சொன்னதாகவும் பஸ்ஸில் வந்த ஒருவர் வாயிலாகச் சேதி வந்தது.

தெருக்குழாயடியில் இது இன்னும் பச்சையாகப் பேசப்பட்டது. குடத்தை வரிசையில் வைத்துக்கொண்டே ஒரு பெண்பிள்ளை அத்தையைப் பார்த்து, "என்ன தாயி, அரைக்கிலோ சீனிக்கு ரெண்டு வீடும் ஒன்னையக் கயிறு இழுக்குறாகளாமே?" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். குடம் நிறைகிறவரை நின்று, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் முதல் அவள் காப்பியில் சீனி போட்டுக்கொள்ளவில்லை. அம்மா கேட்டதற்குப் பித்தம் என்றாள்.

புரட்டாசி பாதி ஆனபோது வீட்டில் பேச்சு குறைந்தது. தலைத் தீபாவளி வருகிறது. மாப்பிள்ளைக்கு மோதிரம் எடுத்தாயிற்று. மாப்பிள்ளை வருவாரா என்பது தெரியவில்லை. சீட்டு கைக்கு வராமல் தன் மகன் அந்த வாசல்படி மிதிக்கமாட்டான் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாராம். தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளை வராத வீட்டைப் பற்றி ஊர் பிறகு எதை வேண்டுமானாலும் சொல்லும், அத்தையை நிரந்தரமாக இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டிவரும் என்று அம்மா அழுதுகொண்டே சொன்னதை நான் கேட்டேன். அன்றுதான் என் வேண்டுதல் எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா லோடுக்காக விருதுநகர் போயிருந்த ஒருநாள், மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று தெருவே டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது. வீட்டில் ஒரு சொட்டு இல்லை. அத்தை மேசை டிராயரின் மாற்றுச் சாவியைத் தேடி எடுத்து, அட்டையோடு கிளம்பினாள். நானும் போனேன். வரிசையில் எங்கள் டின் நகர்ந்து நகர்ந்து முன்னால் வந்தது. ரேசன் கடைக்காரர் அட்டையை விரித்தபோது, உள்ளேயிருந்து மடித்த தாள் ஒன்று விழுந்தது. அதோடு அத்தையின் கல்யாணப் பத்திரிகை. கடைக்காரர் தாளை எடுத்துப் படித்தார்.

"பேர் நீக்குறதுக்கு எழுதின மனுல்ல இது? ஸ்டாம்பெல்லாம் ஒட்டி, பத்திரிகையும் வச்சு, எல்லாம் சரியாத்தான இருக்கு. ஆடி மாசமே எழுதியிருக்கு. இதைக் குடுக்காம எதுக்குத் தாயி அடைகாக்குறீக?"

அத்தை தாளை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வரும் வழியில் டின் சாய்ந்து என் பாவாடையெல்லாம் மண்ணெண்ணெய். அவள் கவனிக்கவில்லை.

பொழுது சாய அப்பா வந்தார். மூட்டை இறக்கின ஆட்கள் போகிறவரை அத்தை கடை ஓரத்தில் நின்றாள். பிறகு தாளை மேசைமேல் விரித்து வைத்தாள். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பருத்திக்கொட்டைத் தூசி அவர் புருவத்தில் ஒட்டியிருந்தது.

"ரெண்டு தடவ ஆபீஸ் வரைக்கும் போனேன்" என்றார். "அந்தாளு மேசையில அதே செவப்பு மை பாட்டில் இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்."

அத்தைக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"நம்ம அம்மா பேரை அடிக்கிறப்ப நான் எதுக்கத்தான நின்னேன். ஒரே இழுப்பு. பச்ச ரத்தங்கெணக்கா இருந்துச்சு. ஒம் பேரு அதுக்கு நேர்கீழ இருக்கு தாயி. உசிரோட இருக்குற புள்ள பேருல எப்படி அந்தக் கோட்டை இழுக்கச் சொல்லி நிப்பேன்? கல்யாணமாகி அஞ்சு மாசங்கூட ஆகல."

உள்ளேயிருந்து வந்த அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். இரண்டு மாதமாகத் தன் புருசன் சீனிக்கு ஆசைப்பட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது கேட்டால் இரண்டும்தான் என்கிறாள்.

அத்தை நிதானமாகத்தான் பேசினாள். "அண்ணே, அடிச்சா எனக்கு ஒண்ணும் ஆகாது. அடிக்காட்டித்தான் நான் ரெண்டு ஊர்லயும் இல்லாமப் போயிருவேன். குழாயடியில போய்க் கேட்டுப் பாரு."

அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் தானே குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அத்தையும் கிளம்பினாள். நான் அடம்பிடித்துக் கூடவே போனேன். பள்ளி வருகைப் பதிவேட்டில் அன்று எனக்கு ஒரு நாள் குறைந்திருக்கும்.

அருப்புக்கோட்டையில் அந்த ஆபீஸ் வாசலில் ஒரு வேப்பமரம். அதன் கீழே மனு எழுதுகிறவர்கள் மடியில் பலகை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே எங்கள் முறை வர வெகுநேரம் ஆயிற்று. எழுத்தர் மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தவர். மனுவைப் படித்தார், பத்திரிகையைப் பார்த்தார், அத்தையை ஒருமுறை பார்த்தார், பேனாவை எடுத்தார். சிவப்பு.

அப்பா, "அய்யா, ஒரு வார்த்தை" என்றார். அப்புறம் சொல்லமுடியவில்லை. அத்தைதான் சொன்னாள். எழுத்தர் கண்ணாடியைக் கழற்றாமலே அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"செத்தவுகளுக்குத்தான் செவப்புன்னு யாருங்க சொன்னது? அப்படி ஒரு சட்டமும் இல்ல. அன்னைக்கு என் கையில எந்தப் பேனா இருந்துச்சோ அதுல அடிச்சிருப்பேன்."

அப்பா தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். எடைச்சீட்டு எழுதுகிற பேனா, நீல மை. எழுத்தர் அதை வாங்கி, நுனியை ஒரு தாளில் கிறுக்கிப் பார்த்தார். அவர் கோடு போடுகிறபோது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை திரும்பவில்லை. தன் பெயரின் முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அந்தக் கோடு போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆயிருச்சா?" என்று கேட்டார் அப்பா, திரும்பாமலே.

"ஆச்சு. பக்கத்துல 'திருமணம்'னு எழுதியிருக்கேன். வந்து வாசிச்சுப் பாருங்க."

அப்பா குனிந்து வாசித்தார். அவருக்கு வாசிப்பு நன்றாக வரும். அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு பெருமூச்சு விட்டார். முதுகில் ஏற்றின மூட்டையை இறக்கிவைத்த ஆளின் மூச்சு அது. முத்திரை குத்தின சீட்டை வாங்கி, அந்த வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்து நகல் எழுதிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காப்பிக்கடையில் அத்தை தானாகவே சொன்னாள்: "எனக்குச் சீனி தூக்கலா."

ஞாயிற்றுக்கிழமை தலைத் தீபாவளிக்கு அழைப்பு வைக்க நாங்கள் நாலுபேரும் போனோம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி, சேலை. அம்மா வழியெல்லாம் அந்த அம்மாளிடம் என்ன சொல்லவேண்டும், என்ன சொல்லக்கூடாது என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். மழை தப்பிய கம்மங்காடு காய்ந்து சலசலத்தது. மாமா பாதி வழிக்கே வந்து நின்றுகொண்டிருந்தார்.

அந்த அம்மாள் தாம்பாளத்தை வாங்கிக் கீழே வைத்தார். சேலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சீட்டை வாங்கினார். அவருக்கு எழுத்து தெரியாது. என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்தி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சீட்டின் தலைப்பில் அத்தையின் பெயர் வந்த இடத்தில் கைகாட்டி நிறுத்தி, எந்த எழுத்து என்று விரலால் தொட்டுப் பார்த்தார். இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். பிறகு அத்தையிடம் இல்லாமல், என் அப்பாவிடம் இல்லாமல், பொதுவாகச் சொன்னார்.

"நான் இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. என் மாமியா கேக்கல. என் அண்ணனும் எடுத்துக் குடுக்கல. இன்னிக்கு நாளைக்குன்னு எம் பேரு அங்கயே கெடந்துச்சு. அப்புறம் அண்ணன் போய்ச் சேந்தாரு, அந்தக் கார்டும் தொலஞ்சு போச்சு. இங்க சேக்கப் போனா, அங்க எடுத்த சீட்டு எங்கன்னு கேக்குறாக. எங்க போயி வாங்க? ஆளு முன்னால வந்துட்டா பேரு பின்னால வராது தம்பி. நான் வந்துட்டேன். எம் பேரு இன்னும் வழியிலயே நிக்குது."

முற்றத்தில் ஒரு கோழி தாம்பாளத்து வெற்றிலையைக் கொத்த வந்தது. மாமா அதை விரட்டினார்.

அம்மா மெதுவாக, "நாங்க சீனிக்குன்னு நெனச்சோம்" என்றாள். வழியெல்லாம் சொல்லக்கூடாது என்று அவளே சொல்லிக்கொண்டு வந்த வாக்கியம்.

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். "நான் கருப்பட்டிக் காப்பி தவுர வேற குடிச்சதில்லை தாயி" என்றார். முதலில் சிரித்தது அத்தை. பிறகு அம்மா. அப்பா சிவப்பு மைக் கதையைச் சொல்லி முடித்தபோது அந்த அம்மாள் அழுதும் விட்டார், சிரித்தும் விட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே நீல மை வாங்கிக் குடுத்துவிட்டிருப்பேன்ல" என்றார்.

மாமா தீபாவளிக்கு வந்தார். மோதிரம் கொஞ்சம் பெரிதாக இருந்தது; நூல் சுற்றிப் போட்டுக்கொண்டார். தீபாவளி முடிந்து இருவரும் பஸ் ஏறினபோது நான் அழவில்லை. அத்தை கட்டிவிட்ட ரிப்பனை மூன்று நாள் அவிழ்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தை மாதம் அறுப்புக்குப் போயிருந்தபோது புகுந்தவீட்டு அட்டையில் அத்தையின் பெயர் ஏறியிருந்தது. இதை நானே கண்ணால் பார்த்தேன், உரக்க வாசித்தும் காட்டினேன். மாமாவின் பெயருக்குக் கீழே, இரண்டாவது வரி. நீல மையா கருப்பு மையா என்பது நினைவில்லை. அந்த அம்மாளின் பெயர் அதில் இல்லை.

நகலை எடுத்துக்கொண்டு போன மாதம் அத்தையைப் பார்த்தேன். மாமாவும் இருந்தார். சில வருடம் கழித்துப் புது அட்டைக்காக வீடுவீடாக வந்து எழுதினபோது, தன் மாமியார் வாசலில் நின்று தானே பெயரைச் சொன்னதாகவும், எழுதவந்தவர் பழைய சீட்டு எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டதாகவும் அத்தை உறுதியாகச் சொல்கிறாள். மாமா இல்லை என்கிறார். எழுதவந்தது தன் அம்மா காரியம் முடிந்த மறுவாரம் என்கிறார். அந்த அம்மாள் இறந்ததும் எழுதவந்ததும் ஒரே தை மாதம் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள். அந்த அட்டை அதற்கடுத்த அட்டை வாங்கும்போது திருப்பி ஒப்படைக்கப்பட்டது. ஆபீசில் கேட்டேன், அவ்வளவு பழைய பதிவேடு இல்லை என்றார்கள். ஆகவே, அந்த அம்மாளின் பெயர் அந்த வீட்டு அட்டையில் என்றைக்காவது இருந்ததா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.